ஐந்தடிப் பெட்டி

காவல் நிலையத்தின் பின்முற்றத்தில், பிடிபட்ட சைக்கிள்களுக்கும் கரி மூட்டைகளுக்கும் நடுவில் அந்தச் சவப்பெட்டி கிடந்தது. மழைக்காகத் தார்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

லிகாண்டோ தார்பாயை விலக்கி, விரலால் மூடியைத் தட்டிப் பார்த்தான்.

"சொந்த வீடு. வாடகை கிடையாது. மேடம், உனக்கு எடுத்துக்கலாமா? உன் மாட்டைக் கூட வச்சுக்க முடியாது, அது ஒண்ணுதான் குறை."

"நீ முதல்ல படுத்துப் பாரு, இளவரசே. நான் மூடியைப் பிடிச்சுக்கறேன்," என்றாள் முதிந்தா.

"என்னைப் புதைக்கணும்னா மேளம் வேணும். படகு வேணும்."

"தெரியும். வெள்ளம் வந்தா மேளம் அடிச்சுக்கிட்டு ஓடற ஜனம் உலகத்துலயே நீங்க மட்டும்தான்."

பக்கத்தில் நின்ற காவலர் திரும்பிக்கொண்டு சிரித்தார். முதிந்தா மாடு வளர்க்கும் டோங்கா இனம், லிகாண்டோ ஆற்று வெள்ளத்தோடு வாழும் லோசி இனம். இந்த இரண்டு இனத்துக்கும் கேலிமுறை. கேலிமுறைக்காரர்கள் ஒருவரையொருவர் எப்படியும் திட்டலாம், கொல்வேன் புதைப்பேன் என்று மிரட்டலாம், சாவு வீட்டில் அழுகிறவனைப் பிடித்துக் கிண்டல் செய்யலாம். கோபித்துக்கொள்வது மட்டும்தான் தப்பு. முதிந்தாவின் துப்பறியும் அலுவலகத்தில் லிகாண்டோ சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. கேலிக்கு 'நீ', வேலைக்கு 'நீங்க' என்பது அவர்களுக்குள் ஏற்பாடு.

"படுங்க," என்றாள் முதிந்தா.

"இது வேலையா, கேலியா?"

"வேலை."

லிகாண்டோ செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் இறங்கினான். தலை மேல் பலகையில் முட்டியது. முழங்காலை மடக்கினான். அப்படியும் மூடி பொருந்தவில்லை. இத்தனைக்கும் அவன் உயரமானவன் இல்லை.

முதிந்தா இடுப்பில் சுற்றியிருந்த சித்தெங்கே துணியை அவிழ்த்துப் பெட்டியின் நீளத்துக்குப் பிடித்தாள். இரண்டு மீட்டர் துணியில் கால் பங்கு மிஞ்சித் தரையில் தொங்கியது.

"ஐந்தடி," என்றாள். துணியை மறுபடி இடுப்பில் சுற்றிக்கொண்டாள். மூடியின் மேல் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெயர் எழுதியிருந்தது. ஜெரே.

*

இன்ஸ்பெக்டர் சிமுகோண்டா ஒரு தாளை மேஜைமேல் வைத்து, விரலால் சுற்றி அவள் பக்கம் திருப்பினார்.

"வாசிங்க. வாசிச்சுட்டு என்னைத் திட்டுங்க."

ஃபேஸ்புக்கில் போட்ட ஒரு பின்னூட்டத்தின் நகல். மேலே பெட்டியின் படம். கீழே எழுத்து.

'மேடம் ஜெரே, உன் பெட்டி தயார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அளவு பார்க்க வந்து சேர். நீயாக வரவில்லை என்றால் நானே வந்து உள்ளே வைத்து ஆணி அடிப்பேன். ஆணி இலவசம்.'

"பெட்டி இருக்கு. ஆணி இருக்கு. நாள் இருக்கு, நேரம் இருக்கு," என்றார் சிமுகோண்டா. "இதுக்கு மேல ஒரு கொலைகாரன் என்ன குடுப்பான், அழைப்பிதழா? நாளைக்குத்தான் சனிக்கிழமை. நான் சும்மா இருந்து, அந்தம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எழுதின தச்சன் காங்வா பெம்பா. அவங்க ங்கோனி. அவங்களுக்குள்ளயும் கேலிமுறை சார்."

"எனக்குத் தெரியாதா? நேர்ல சொல்லியிருந்தா நானும் கூட நின்னு சிரிச்சிருப்பேன். எழுதிட்டான். கணினிக் குற்றச் சட்டத்துல கேலிமுறைக்குன்னு பிரிவு கிடையாது. அதுவும் பாருங்க, கடைசியில மூணு முகம் அழுவுது. அழுதுகிட்டே மிரட்டியிருக்கான். அது இன்னும் மோசம்."

லிகாண்டோ எட்டிப் பார்த்தான். "சார், அது அழற முகம் இல்லை. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வர்ற முகம்."

"உங்க போன்ல மஞ்சளா சிரிக்கும். எங்க பிரிண்டர்ல கறுப்பா அழத்தான் செய்யும்."

முதிந்தா தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். படத்துக்கு மேலேயும் எழுத்துக்குக் கீழேயும் விளிம்பு நேராக வெட்டப்பட்டிருந்தது.

"இது யாரோட பதிவுக்குக் கீழ போட்டது?"

"புகார் குடுத்த நொம்சா ஜெரேயோடது. முடி அலங்காரக் கடை வச்சிருக்காங்க. அவன் பட்டறைக்கு எதிர்ல. பயந்து போய்ப் பதிவை அழிச்சுட்டாங்களாம். இந்தப் படத்தை மட்டும் எடுத்து வச்சிருந்தாங்க."

"நீங்க ஃபேஸ்புக்கைத் திறந்து பார்த்தீங்களா?"

"ஸ்டேஷன்ல டேட்டா பண்டில் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு," என்றார் சிமுகோண்டா, கொஞ்சமும் கூச்சப்படாமல்.

லிகாண்டோ தன் போனில் திறந்து பார்த்தான். நொம்சாவின் பக்கத்தில் கடைசியாக இருந்தது நான்கு மாதம் முன்பு போட்ட ஒரு தலை எண்ணெய் விளம்பரம். அழித்த பதிவை யாராலும் பார்க்க முடியாது என்பதால் அந்த வழி அங்கேயே அடைத்துக்கொண்டது.

"இரண்டு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை. அடுத்த தேதி வரைக்கும் சிறை. தேதி மேல தேதி விழும். நிரூபணமானா வருஷக் கணக்கு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

*

காங்வாவுக்கு முப்பது வயது இருக்கும். புதன்கிழமையிலிருந்து கொட்டடியில் இருக்கிறான். கைவிரல் இடுக்கில் இன்னும் மரத்தூள் இருந்தது. அவன் அம்மா மார்க்கெட்டில் கருவாடு விற்பவள். நேற்று மாலை முதிந்தாவின் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் உட்காரக்கூடச் செய்யாமல், "என் பிள்ளை வாயில இருக்கற கத்தி மட்டும்தான் கத்தி. கையில இருக்கறது உளி," என்று சொல்லிவிட்டு அழுதாள்.

"காங்வா, உன் அம்மா அனுப்பி வந்திருக்கோம். நீ கேலிக்குத்தானே எழுதினே? அதைச் சொல்லு," என்றான் லிகாண்டோ.

அவன் விரல் இடுக்கிலிருந்த மரத்தூளைச் சுரண்டினான்.

"யார் புகார் குடுத்தாங்கன்னு தெரியுமா?" என்றாள் முதிந்தா.

"ஜெரே வீட்டுப் பொண்ணுன்னு சொன்னாங்க."

"பேர் கேட்கலையா?"

"எதுக்குக் கேட்கணும்? யாருக்கு எழுதினேன்னு எனக்குத் தெரியாதா?" கம்பியைப் பிடித்தான். "அவ பயந்துட்டாளாம்மா? நிஜமாவே பயந்துட்டாளா?"

"அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காங்க."

"அப்போ நான் பேச என்ன இருக்கு? அவளே பயந்துட்டேன்னு சொல்லிட்டா, நான் இங்கேயே இருக்கறதுதான் சரி."

"அட முட்டாள் மரங்கொத்தி," என்றான் லிகாண்டோ. "வருஷக் கணக்கா போடுவாங்கடா."

காங்வா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "ஒண்ணு மட்டும் கேட்கணும். நாளைக்குப் பத்து மணிக்கு நான் வெளியில இருப்பேனா?"

பின்னாலிருந்து சிமுகோண்டாவின் குரல் வந்தது. "கேட்டீங்களா! இன்னும் அதே நேரம்! குளிச்சு முடிச்சு ஆணியோட கிளம்பிடுவான்!"

*

பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் சேறு. மினிபஸ்கள் குட்டைகளை மக்கள் மேல் பகிர்ந்துகொடுத்தபடி போயின. வானத்தின் ஒரு பக்கத்தை கிட்வே நகரச் சுரங்கத்தின் கறுப்புக் கசடு மலை அடைத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஆள் தெரிஞ்சு போச்சு," என்றான் லிகாண்டோ. "பக்கத்துப் பட்டறை சான்ஸா. அவனும் சவப்பெட்டிதான் செய்யறான். பொறாமை. அந்தம்மாவைத் தூண்டி விட்டுப் புகார் குடுக்க வச்சிருக்கான்."

"பொறாமைங்கறது சரி," என்றாள் முதிந்தா.

"சான்ஸாங்கறது?"

"இரண்டு விஷயம் எனக்கு இடிக்குது. கேளுங்க. தினம் எதிர்க் கடையில நிக்கற ஒருத்திகிட்ட, 'சனிக்கிழமை பத்து மணிக்கு வா'ன்னு நீங்க எழுதுவீங்களா?"

லிகாண்டோ யோசித்தான். "மாட்டேன். ரோட்டைத் தாண்டிக் கத்துவேன்."

"அதுவும் சனிக்கிழமை பத்து மணிக்கு. முடி அலங்காரக் கடையில வாரத்துலயே கூட்டம் அதிகமான நேரம். எதிர்லயே இருக்கறவனுக்கு அது தெரியாதா?"

"இரண்டாவது?"

"அந்தம்மாவைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

காங்வாவின் பட்டறை பூட்டியிருந்தது. பக்கத்தில் சான்ஸா, வாயில் நான்கு ஆணிகளை வைத்துக்கொண்டு ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். முதிந்தா பேர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டதும் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"அவன் உள்ள போனதுல எனக்கு ஆர்டர் இரண்டு மடங்கு," என்றான். "சந்தோஷமான்னு கேட்டா, இல்லை. இந்த வேலையில பேச்சுத் துணை இல்லாட்டிப் பைத்தியம் பிடிச்சுடும். அவன் வாய்தான் இந்தத் தெருவுக்கு ரேடியோ."

"நொம்சாவையும் கேலி பண்ணுவானா?"

"பண்ணுவானாவா! தினம் காலையில. 'ஏய் ஜெரே, இன்னைக்கும் சாகலையா? பலகை விலை ஏறுது'ன்னு இங்கேயிருந்து கத்துவான். அது அங்கேயிருந்து ஈரத் துண்டைச் சுருட்டி எறியும். சாயங்காலம் இவன் அந்தத் துண்டைத் துவைச்சு, காய வச்சு, மடிச்சுக் கொண்டு போய்க் குடுப்பான். அஞ்சு வருஷம் பார்த்திருக்கேன். இப்போ கொஞ்ச நாளாச் சத்தம் இல்லை."

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

"அந்தப் பெட்டி?"

சான்ஸா உச்சுக் கொட்டினான். "இரண்டு முழு நாள், இருந்த ஆர்டரை எல்லாம் தள்ளி வச்சுட்டுச் செஞ்சான். யாருக்குடா, குழந்தை யாராவது தவறிடுச்சான்னு கேட்டேன். இல்லை, கேலிக்குங்கறான். கேலிக்கு எவனாவது இரண்டு நாள் கூலியை விடுவானா? உள்பக்கம் ரோஸ் கலர்ல துணி வேற. மூடியில ஜெரேன்னு எழுதினதைப் பார்த்து, சரி, எதிர்க் கடைக்குத்தான்னு நினைச்சுக்கிட்டேன்."

லிகாண்டோவின் முகத்தில், தன் குற்றவாளி கைநழுவிப் போன வருத்தம் தெரிந்தது.

*

கடைக்குள் நுழைந்தபோது நொம்சா ஜெரே தரையில் குந்தி, உதிர்ந்த முடியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். எழுந்தாள், இன்னும் எழுந்தாள். கூரையிலிருந்து தொங்கிய பல்பில் இடிக்காமல் பழக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். லிகாண்டோ அண்ணாந்து பார்த்தான்.

முப்பத்தைந்து வயது இருக்கும். அழகான, களைத்த முகம்.

"காங்வா அம்மா அனுப்பின ஆளுங்களா?" என்றாள். "நான் சொல்ல வேண்டியதைப் போலீஸ்ல சொல்லிட்டேன்."

"தெரியும். எனக்குத் தலை கழுவணும்," என்றாள் முதிந்தா. "இரண்டு மணிக்குக் கோர்ட்டுக்குப் போகணும். பார்க்கற மாதிரி இருக்க வேண்டாமா?"

மறுக்க நொம்சாவுக்குக் காரணம் கிடைக்கவில்லை. முதிந்தா நாற்காலியில் சாய்ந்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் விழுந்தது. நீண்ட விரல்கள், வேலை தெரிந்த விரல்கள். தலைகீழாகத் தெரிந்த சுவரில் ஒரு ஆணியும், ஆணியில் ஒரு ஏப்ரனும் தெரிந்தன. நொம்சா கட்டியிருந்ததும் அதுவும் ஒரே நீலத் துணி. அவளுடையது நீளம். இது அதில் முக்கால்.

"பயமா இருக்கா, நொம்சா?"

"இருக்காதா? ஆணி அடிப்பேன்னு எழுதியிருக்கான்."

"தினமும் சொல்லுவானாமே."

"சொல்றது வேற. எழுதறது வேற. இன்ஸ்பெக்டரும் அதைத்தான் சொன்னார்."

"பெட்டியை நேர்ல பார்த்தீங்களா?"

கை ஒரு கணம் நின்றது. "படத்துல பார்த்தேன்."

"நான் இப்போ நேர்ல பார்த்துட்டு வர்றேன். இவரைப் படுக்க வச்சுப் பார்த்தேன். இவருக்கே பத்தலை." முதிந்தா கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "இவர் உங்க தோளுக்குத்தான் வருவார்."

"நல்ல மாடுங்க எல்லாம் உயரத்தை வச்சு ஆளை எடை போடும்," என்று முணுமுணுத்தான் லிகாண்டோ. யாரும் சிரிக்கவில்லை.

"அஞ்சு வருஷம் எதிர்ல நின்னு உங்களைப் பார்த்த தச்சன். கண்ணாலேயே அளவு சொல்றவன். அவன் உங்களுக்குன்னு ஒரு பெட்டி செஞ்சா ஒரு விரல்கடை தப்புமா? இது ஒரு அடிக்கும் மேல தப்பியிருக்கு." முதிந்தா ஈரத் தலையோடு எழுந்து உட்கார்ந்தாள். "அந்தச் சின்ன ஏப்ரன் யாரோடது?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. லிகாண்டோ போய் மூடினான்.

"என் தங்கச்சி," என்றாள் நொம்சா. "லிண்டிவே."

"எங்கே இருக்கா?"

"சிப்பாட்டா பக்கம், எங்க ஊர்ல. போன வாரம் திருவிழா நடனம். அதுக்குப் போனவ. நாளைக்குக் காலையில வர்றா. பஸ் பத்து மணிக்கு."

லிகாண்டோ மெதுவாக விசில் அடித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அவ போட்ட பதிவுக்குக் கீழதான் காங்வா எழுதினான். நீங்க மேலயும் கீழயும் வெட்டிட்டீங்க. கீழ என்ன இருந்தது?"

"அவளோட பதில்." நொம்சா துண்டை எடுத்தாள். முதிந்தாவின் தலையைத் துவட்டத் தொடங்கினாள், வேலையை நிறுத்தினால் விழுந்துவிடுவாள் போல. "'மூடியில ஜன்னல் வை. பெம்பாக்காரன் குரங்கு தின்கிறதைப் படுத்துக்கிட்டே பார்க்கணும்'னு, எங்க ஆளுங்க அவங்களை எப்பவும் பண்ற கேலி. அதுக்குக் கீழ அவன் சிரிப்பு. அதுக்குக் கீழ இவ சிரிப்பு. பக்கம் பூராச் சிரிப்பு."

அவளே சொன்னாள்.

"ஜனவரியிலதான் வந்தா. கடையில ஒத்தாசைக்கு. நான்தான் கூப்பிட்டேன். வந்த மூணாவது வாரம், எதிர்ல பார்க்கறேன், அவ தலையிலேர்ந்து கால் வரைக்கும் டேப்பை வச்சு அளந்துக்கிட்டிருக்கான். அவ நெளியறா, சிரிக்கறா. இங்கே ஒரு அம்மா தலையை என் கையில வச்சுக்கிட்டு நான் நிக்கறேன். கத்தரி எங்கே போகுதுன்னு எனக்கே தெரியலை."

"அவன் உங்ககிட்ட எப்பவாவது வேற மாதிரி..."

"இல்லை. அதுதானே கேலிமுறையில சௌகரியம். 'என் பொண்டாட்டி'ன்னு நாலு பேர் நடுவுல கூப்பிடலாம். ஒண்ணுக்கும் அர்த்தம் கிடையாது. அர்த்தம் இருக்குன்னு நினைச்சு, அஞ்சு வருஷம் துண்டை வேணும்னே ஈரமா வச்சிருந்தவதான் முட்டாள்."

துண்டு நின்றது.

"அஞ்சு வருஷமா எனக்குப் பெட்டி, பெட்டின்னு சொன்னான். ஒரு பலகைகூட அறுக்கலை. அவளுக்கு வந்த இரண்டே மாசத்துல செஞ்சுட்டான். ரோஸ் கலர்ல துணி வச்சு."

லிகாண்டோவுக்கு இதற்கு ஒரு நகைச்சுவை தோன்றியிருக்க வேண்டும். அவன் அதைச் சொல்லவில்லை.

"போலீஸ்ல என்ன நினைச்சுக் குடுத்தீங்க?" என்றாள் முதிந்தா.

"கூப்பிட்டு மிரட்டி விடுவாங்கன்னு நினைச்சேன். ஒரு நாள் உட்கார வைப்பாங்க. அந்தச் சிரிப்பு கொஞ்சம் நிக்கும். அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போவாங்கன்னு எனக்குத் தெரியாது. வருஷக் கணக்குன்னு தெரியாது."

"இப்போ தெரியுமே."

"தெரியும்."

"உள்ளே அவன் தனக்காக வாயையே திறக்கலை. ஏன் தெரியுமா? உங்க உயிருக்கு ஆபத்துன்னு போலீஸ் உங்க பேரை அவன்கிட்ட சொல்லலை. ஜெரே வீட்டுப் பொண்ணுன்னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க. லிண்டிவே பயந்துபோய்ப் புகார் குடுத்துட்டான்னு நினைச்சுக்கிட்டிருக்கான். அவ பயந்தா நான் உள்ளேயே இருக்கறேன்னு உட்கார்ந்திருக்கான்."

நொம்சா கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கண்ணாடி அவளுக்குத் தாழ்வாக மாட்டியிருந்தது. கழுத்துவரைதான் தெரிந்தது.

"அதுவும் அவளுக்காகவா?" என்றாள்.

வெளியே ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கோர்ட்டுல என் பேரை வாசிப்பாங்களா?"

"வாசிப்பாங்க."

"அப்போ எப்படியும் அவனுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சுடும். கோர்ட்டுல தெரிஞ்சா, உங்களால உள்ளே போறான். இப்போ ஸ்டேஷன்ல தெரிஞ்சா, உங்களால வெளியில வர்றான். வித்தியாசம் அவ்வளவுதான். மணி ஒண்ணு ஆகப் போகுது."

நொம்சா நீல ஏப்ரனைக் கழற்றினாள். ஆணியில் மாட்டப் போய், சின்ன ஏப்ரனைப் பார்த்துவிட்டு, தன்னுடையதை நாற்காலி மேல் போட்டாள்.

*

சிமுகோண்டாவின் மேஜையில் சீமாக் களியும் கீரையும் ஆறிக்கொண்டிருந்தன. நொம்சா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கை கழுவிய ஈரத்தோடு கேட்டார்.

"தங்கச்சி நம்பரைக் குடுங்க," என்றார்.

லிகாண்டோவின் போனில்தான் அழைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறை மணி அடித்தபோது எடுத்தாள். பின்னால் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"லிண்டிவே ஜெரேயா? போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசறேன். காங்வாங்கற தச்சன் உங்களுக்குப் பெட்டி செஞ்சு, ஆணி அடிப்பேன்னு எழுதினது உண்மையா?"

"உண்மைதான் சார்! ஏன், மரத்தைத் திருடிச் செஞ்சானா?"

"உங்களுக்குப் பயமா இருக்கா?"

"எதுக்கு? அவன் ஆணி அடிச்சா அடுத்த வாரம் கழண்டுடும்!" போன் முழுக்கச் சிரிப்பு. "மூடியில ஜன்னல் வச்சானான்னு கேளுங்க. அவனுக்குக் குச்சியில குத்தின எங்க ஊர் எலி வறுத்து எடுத்துக்கிட்டு வர்றேன், பெம்பாக்காரன் ஒரு தடவையாவது நல்ல சாப்பாடு சாப்பிடட்டும். ஏன் சார் கேட்கறீங்க? அவன் நல்லா இருக்கானா? சார்? அவனுக்கு ஒண்ணும் இல்லையே?"

கடைசிக் கேள்வியில் சிரிப்பு இல்லை. கொட்டடிப் பக்கமிருந்து கம்பி குலுங்கும் சத்தம் கேட்டது.

"லிண்டிவே!" என்று காங்வா கத்தினான். "நீ குடுக்கலையா? நீ பயப்படலையா?"

"என்ன குடுக்கலை? யாரைப் பார்த்து யார் பயப்படணும், குரங்குதின்னி?"

சிமுகோண்டா போனை அணைத்தார். எதிரே இருந்த தாளை எடுத்து, மூன்று கறுப்பு முகங்களை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"சிரிக்கத்தான் செய்யுது போலிருக்கு," என்றார். பிறகு நொம்சாவைப் பார்த்தார். "பொய்ப் புகாருக்கும் ஒரு பிரிவு இருக்கும்மா."

"தெரியும் சார்."

கதவைத் திறந்து காங்வாவைக் கொண்டுவந்தார்கள். அவன் அறைக்குள் வந்தான், நொம்சாவைப் பார்த்தான், மேஜைமேல் அவள் கையெழுத்திட்டுக்கொண்டிருந்த, புகாரைத் திரும்பப் பெறும் தாளைப் பார்த்தான். புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் முகத்தில் கோபம் வரும் என்று முதிந்தா எதிர்பார்த்தாள். வரவில்லை. அளவு எடுத்த பலகை வேறு மரம் என்று தெரிந்த தச்சனைப் போல நின்றான்.

"இவங்க மேல நீ புகார் குடுக்கறியா?" என்றார் சிமுகோண்டா.

"வேண்டாம் சார். விட்டுடுங்க. அவங்களுக்குப் பயமா இருந்திருக்கும்."

'அவங்களுக்கு' என்றதும் நொம்சாவின் பேனா நின்றது.

இன்ஸ்பெக்டர் இருவரையும் பார்த்தார், ஆறிப்போன சீமாவைப் பார்த்தார். "எல்லாரும் கிளம்புங்க. அந்தப் பெட்டியையும் தூக்கிக்கிட்டுப் போங்க. என் ஆளுங்க இரண்டு நாளா பின்பக்கம் போகவே பயப்படறாங்க."

கடிகாரத்தில் இரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது.

*

முன்னால் லிகாண்டோவும் பின்னால் காங்வாவும் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தார்கள். தூறல் விழுந்தது. தெருவில் போனவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். ஒரு மினிபஸ் பாட்டை நிறுத்தியது.

"உள்ளே ஆள் இல்லை," என்று லிகாண்டோ ஒவ்வொருவருக்காகச் சொல்லிப் பார்த்தான். யாரும் நம்பவில்லை. "மேடம், உன்னைத் தூக்கிக்கிட்டுப் போறப்போ இவ்வளவு மரியாதை கிடைக்காது. மாடுங்க மட்டும்தான் வரும்."

முதிந்தா பதிலுக்கு ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு, பக்கத்தில் யார் கையிலாவது போன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

நொம்சா அவர்களுக்கு முன்பே வேகமாக நடந்து கடைக்குப் போய்விட்டாள். அவர்கள் பட்டறையை நெருங்கியபோது அவள் கடை வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒரு துண்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பெட்டியை இறக்கினார்கள். சான்ஸா இழைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். காங்வா பெட்டி மேலிருந்த மழைத் தண்ணீரைக் கையால் வழித்தான். சாக்பீஸ் எழுத்து நனைந்து பாதி அழிந்திருந்தது. நாளைக்குப் பத்து மணிக்குள் மறுபடி எழுத வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, விரலால் அந்த எழுத்தின் மேல் ஒரு தடவை போட்டுப் பார்த்தான்.

பிறகு திரும்பினான். தெருவுக்கு அந்தப் பக்கம் நொம்சா துண்டைச் சுருட்டி, கையைத் தோளுக்கு மேல் தூக்கியிருந்தாள். காத்திருந்தாள்.

ஐந்து வருடமாக அவன் கத்தும் தூரம்தான் அது. அவன் கத்தவில்லை. அவள் காதில் விழுகிற அளவுக்கு மட்டும், தலையைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னான்.

"வணக்கம், மேடம். மழை வலுக்குது. நீங்க உள்ளே போங்க."

நொம்சாவின் கை அப்படியே கொஞ்ச நேரம் மேலே நின்றது. துண்டிலிருந்து வழிந்த தண்ணீர் அவள் முழங்கை வழியாக இறங்கியது. அவள் கையை இறக்கினாள். துண்டை, யாரோ துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்ததைப் போல, இரண்டாக, நான்காக மடித்தாள்.

தலையைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.